அவிழாத மூக்கணாங்கயிறு

செத்துப்போன காளையிடமிருந்து முன்பே எடுத்து உறையவைத்திருந்த விந்துநீரிலிருந்து உயிரணுக்களை முழுக்க நீக்கியிருந்தாள் ஆய்வாளர் தமயந்தி. மிச்சமிருந்த தெளிநீரில், துத்தநாகத்தைப் பிடித்துவைத்திருக்கும் புரதங்கள் மட்டும் சாயம் பட்டுப் பச்சையாக ஒளிர்ந்தன. காளையைப் பராமரித்த சடையாண்டி உள்ளே வந்ததும், குழாய்க்குள் அந்த ஒளி மொத்தமும் அவர் பக்கமாக நகர்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, அப்படியே இந்தப் பக்கம் வாங்க."

சுற்றி வந்தார். ஒளியும் சுற்றி வந்தது.

சடையாண்டியின் முகம் வெளிறியது. "மூக்கணாங்கயித்த அவுக்காமயே பொதச்சுட்டேன் மேடம். கட்டுன நாந்தான் அவுக்கணும், இல்லேன்னா அது உசுரு என்னைய விட்டுப் போகாது."

குழாயின் முன் குனிந்து, காற்றில் ஒரு முடிச்சை மெல்ல அவிழ்த்தார். ஒளி அணைந்தது.

"எங் காளையோடது இன்னும் எத்தனை குழாய் இருக்கு மேடம்?"

தமயந்தி உறைபெட்டியைத் திறந்தாள். சாயமே படாத குழாய்கள் அத்தனையிலும் பச்சை ஒளி, சடையாண்டியின் பக்கம் ஒதுங்கிக் காத்திருந்தது.