மூலையில் ஓர் இடம்

"இன்னைக்கும் உன்னை அந்த மூலையிலதான் நிக்க வெச்சாங்களா?"

வேலை முடிந்து வந்த மகள் தம் கண்ணில் படும்படி முன்னால் வந்து நின்றதும், தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அப்பா கேட்டார். தைத்துக்கொண்டே பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. பேச்சென்று வந்துவிட்டால் துணியைக் கீழே வைத்தாக வேண்டும். மகளிடம் பேசுவதற்கோ அவருக்கு ஓயாமல் ஏதேனும் இருக்கும். ஊரார் சட்டைகள் சொன்ன நாளில் முடியாமற்போனதற்கு அது ஒன்றே காரணம்.

"மூலையேதான். நின்னுட்டு கேபிள் சுத்தறேன். பேட்டிக்கு வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்கறேன். நேத்து ஒருத்தருக்கு டை கட்டிவிட்டேன்."

"பார்த்தியா, தையல்காரன் பொண்ணுன்னு காட்டிட்டே!"

"கிண்டல் பண்ணாதீங்கப்பா. பக்கத்து வீட்டு அக்கா வேற தினம் கேக்கறாங்க, எப்ப டிவியில வரப்போறேன்னு."

"சொல்ல வேண்டியதுதானே, உங்க வீட்டுக்கு வர்ற கேபிளோட அந்த முனையில நான்தான் நிக்கறேன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கலக்கமும் வந்தது.

"நாளையோட பயிற்சி முடியுதுப்பா. வெச்சுக்குவாங்களா, வீட்டைப் பார்த்துப் போன்னுடுவாங்களா தெரியல. அந்த இடி வேற என்னைக் கண்டாலே முறைக்கறாரு."

படப்பிடிப்புத் தளத்தைக் கட்டி மேய்க்கும் ஃப்ளோர் மேனேஜருக்கு அப்பாவும் மகளும் சேர்ந்து இட்ட பெயர் அது. அவர் "சைலன்ஸ்" என்று முழங்கினால் மின்விசிறியும் ஒரு கணம் சுற்றுவதா வேண்டாமா என்று தயங்கும். அக்குரலில் பாதியாவது பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் இருக்க வேண்டுமென்பது அவர் எதிர்பார்ப்பு. இவளுக்கோ குரலை உயர்த்திப் பழக்கமே இல்லை. வளர்ந்த வீடு அப்படி.

"உன்னைக் குறை சொல்றவங்க, அங்க சாயங்காலம் செய்தி சொல்றாரே ஒருத்தர், அவரை ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?" அப்பாவுக்குச் சூடு ஏறியது. "தீப்பிடிச்சதுக்கும் அதே மூஞ்சி, கல்யாணத்துக்கும் அதே மூஞ்சி! பாதியை முழுங்கிடறாரு. மீதியை நான்தான் ஊகிச்சுக்க வேண்டியிருக்கு."

"அப்பா, அவரு எவ்வளவு பெரிய ஆளு தெரியுமா?"

"இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் புரியணுமா வேண்டாமா?"

அவள் தோள்பையைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் தேறிடுவேனாப்பா?" என்றாள்.

அப்பா பதிலைத் தொடங்கவில்லை, அதற்குள் மின்சாரம் போய்விட்டது. பேச்சும் அத்தோடு அறுந்தது. இருளில் அவர் கை அவள் கையைத் தேடி வந்து, உள்ளங்கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துக்கொண்டது. தாயில்லாத அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் துணை அவ்விருவரே.

மறுநாள் மாலை, செய்தி தொடங்கச் சற்று நேரமே இருக்கையில், தயாரிப்பாளர் தலையில் கைவைத்தபடி தளத்துக்குள் ஓடி வந்தார்.

"அவரு வரலை! வண்டி பாதி வழியில நின்னு போச்சாம். இப்ப நான் யாரைப் போய்ப் பிடிக்கறது?"

ஒரு கணம் யோசித்த இடி, மூலையை நோக்கிக் கை நீட்டினார்.

"இந்தப் பொண்ணை நிக்க வைங்க."

"பயிற்சிக்கு வந்த பொண்ணையா? நேரலை சார் இது, விளையாடறீங்களா?"

"மத்தியானம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன்ல அவங்க அப்பாகூடப் பேசிட்டிருந்தா. நான் பார்த்தேன். நம்ம ஆளு இவகிட்ட பிச்சை எடுக்கணும்."

தயாரிப்பாளர் அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, செய்வியா?"

"செய்றேன் சார். பூப்போடாத கருப்புச் சட்டை ஒண்ணு மட்டும் குடுங்க" என்றவள், வளையல்களைக் கழற்றி இடியின் கையில் கொடுத்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளையெல்லாம் அவள் எண்ணவில்லை. ஒரு தையல் இயந்திரத்தையும் அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு முகத்தையும் மட்டுமே எண்ணினாள். அம்முகம் ஒன்றுக்காகவே செய்தி சொன்னாள். ஆலை எரிந்ததைச் சொல்கையில் அவள் முகமும் கருகியது. புதிய பாலம் திறந்ததைச் சொல்கையில் மலர்ந்தது.

விளக்கு அணைந்ததும் தயாரிப்பாளர் மெல்ல நடந்து வந்தார்.

"நாளையிலேர்ந்து நீ பயிற்சிக்கு வர வேண்டாம்மா."

அவளுக்குக் கண் இருண்டது.

"வேலைக்கு வா."

அவருக்குப் பின்னால், கை நிறைய வளையல்களோடு நின்ற இடி, சத்தமே இல்லாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வீட்டில் அப்பா அன்று துணியைத் தொடவே இல்லை போலும். நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு நேரே இழுத்துப் போட்டிருந்தவர், மகளைக் கண்டதும் எழுந்தார்.

"பாலத்துச் செய்தியில கொஞ்சம் அவசரப்பட்டுட்டே."

"அப்பா! அது போகட்டும், மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம்..." அவர் கைகள் நடுங்கின. சொல் பாதியில் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கினார். "எதையும் ஊகிக்க வேண்டியிருக்கலை."

பிறவியிலேயே ஓசை அறியாத அந்தத் தையல்காரர், தாம் தொட்டிலிலேயே கற்றுக்கொடுத்த சைகை மொழியில், திரையின் மூலையிலிருந்த சின்னஞ்சிறு கட்டத்துக்குள் நின்று மகள் சொன்ன செய்தியை, வாழ்நாளில் முதன்முறையாக முழுவதும் கேட்டு முடித்திருந்தார்.