முதுகுப் பக்கம்

டாஸ்மேனியாவின் ஜூலைக் குளிரில் வெயில் தண்ணீருக்கு மேலேயே நின்றுவிடுகிறது. அலை பின்வாங்கும்போதெல்லாம் பழுப்புக் கடற்பாசி, நனைந்த தோல்வார்களாகப் பாறைமேல் சரிந்து கிடக்கிறது. முதுகில் காற்று சிலிண்டரோடு மெரினும் க்ளைவும் முழங்காலளவு நீரில் நிற்கிறார்கள். இருவருக்கும் விவாகரத்தாகி ஏழு மாதமாகிறது. ஆனால் இங்கே யாரும் தனியாக முங்குவதில்லை. இந்தப் பருவத்தில் இந்தப் பாறைத்திட்டுக்கு வேறு துணையும் கிடைப்பதில்லை. இறங்கும் முன் ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்ப்பது வழக்கம். மெரின் க்ளைவின் முகத்தைப் பார்க்காமலே அவனுடைய வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறாள். பின்னால் போன கை சிலிண்டர் திருகில் நிற்கிறது. "காத்தத் தெறக்கவே இல்ல. இப்படியேவா எறங்கப் போற?" "அதான் நீ பாப்பியே." மெரின் திருகைத் திறக்கிறாள், குழாயில் காற்று சீறி ஏறுகிறது. பிறகு திரும்பி, தன் முதுகை அவனுக்குக் காட்டி நிற்கிறாள்.