நாலு கிலோ அதிகம்

மாலை வெயில் சாப்பாட்டு மேசைமேல் சரிந்து கிடக்கிறது. இன்றைக்கு அந்த மேசைதான் விமான நிலைய கவுண்டர். அதன் பின்னால் விறைப்பாக நிற்கிறாள், ஒன்பது வருடமாக அதே விமான நிலையத்தில் பயணிகள் விட்டுப்போகும் தள்ளுவண்டிகளைச் சேர்த்துத் தள்ளுகிறவள். நாளைக்கு கவுண்டர் வேலைக்கு நேர்முகத் தேர்வு; கேள்வியும் பதிலும் இங்கிலீஷில்தான். பக்கத்தில் எடை பார்க்கும் மெஷின்மேல் போர்வைகள் திணித்த பெட்டி. எதிரே பயணியாக நடிக்க வந்த கணவனுக்கு ஐந்தே நிமிடத்தில் நிஜக் கோபம் வந்துவிட்டது. "சார், யுவர் பேக் இஸ் ஃபோர் கிலோஸ் ஓவர்," என்கிறாள். "நாலு கிலோ ஒரு பெரிய விஷயமா? விடும்மா." "சாரி சார். ஐ கான்ட்." குக்கர் விசில் அடித்து ஓய்கிறது. அவன் நடிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சிரிக்கிறான். "வண்டி தள்ளுறவளுக்கு இங்கிலீஷ் ஒரு கேடா? நாளைக்கு நாலு பேர் முன்னாடி திருதிருன்னு முழிக்கப்போற, பாரு." அவள் குனிந்து பெட்டியை மெஷினிலிருந்து இறக்கி அவன் காலடியில் வைக்கிறாள். நிமிர்ந்து, கையை நீட்டி ஓரமாக வழி காட்டுகிறாள். "சார், ப்ளீஸ் ஸ்டெப் அசைட். நெக்ஸ்ட்!" கொடியிலிருந்து எடுத்த துணி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இவ்வளவு நேரமும் வாசற்படியில் நின்று பார்த்திருந்த மாமியார், "தள்ளுடா," என்று மகனை முழங்கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து, மூட்டையை மெஷின்மேல் வைக்கிறாள்.