பென்டிரைவ் மேல் விழுந்த பழி

அநியாயம் நடந்தது பென்டிரைவுக்குத்தான். நிறைமதியின் ப்ராஜெக்டைப் பிரிண்ட் எடுக்கப் போன இடத்தில், வைரஸ் இருக்கிறதென்று ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஹாஸ்டலுக்கு வந்தால் அவளுடைய லேப்டாப்பும் சேர்த்துக்கொள்ளவில்லை.

"கண்ட கடையில் போய்ச் செருகிக்கொண்டால் இப்படித்தான்" என்றது லேப்டாப். " உன்னை முழுசாக அழித்தால்தான் எனக்கு நிம்மதி."

"ஐயோ அக்கா, மூன்று மாத உழைப்பு! வேறெங்கும் காப்பி கிடையாது!"

"அதைக் கடையில் சீக்கு வாங்கும்போது யோசித்திருக்க வேண்டும்."

பென்டிரைவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடையில் வாங்கினேனா? செருகியதுமே சோதனை போட்டார்கள், அப்போதே என்னிடம் இருந்தது. நான் உன்னிடமிருந்து நேராகத்தானே போனேன்? முந்தாநாள் ஓசியில் வந்த கேமைத் திறந்தது யார்? அதற்குள் என்ன ஒளிந்திருந்தது என்று பார்த்தாயா? ஆண்டிவைரஸ் அப்டேட் கேட்கும்போதெல்லாம் 'அப்புறம்', 'அப்புறம்' என்றது நானா?"

லேப்டாப் அந்தக் கேம் இருந்த ஃபோல்டரை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுச் சட்டென்று மூடியது.

"கத்தாதேடி" என்றது கடைசியில். "ப்ராஜெக்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு. முதலில் நிறைமதி என்னைச் சுத்தம் பண்ணட்டும். அப்புறம் நானே உன்னைக் கூப்பிடுகிறேன்."