ஒரே துணியில் இரண்டு சட்டை

"இந்தச் சட்டைக்கு என் அளவு அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

கட்டிலில் கிடந்த வெளிர்நீலச் சட்டையைத் தொடாமலே கேட்டான் வசந்த். அண்ணன் நவநீதன் காலையில் ஆள் மூலம் கொடுத்தனுப்பியது. அதே துணியில் தனக்கும் ஒன்று தைத்திருக்கிறானாம். சாயங்காலம் ஆம்பூர் ஸ்டுடியோவில் குடும்பத்தோடு போட்டோ எடுக்க வேண்டுமாம்.

"உத்தேசமா தெச்சிருப்பாரு," என்றாள் மனைவி சோபனா, புடவையைத் தேய்த்துக்கொண்டே.

"நான் பாதியா இளைச்சிட்டேன். ரெண்டு வருஷமா என் மூஞ்சியப் பாக்காதவன் உத்தேசமா தெச்சானா?"

அவள் புடவையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள்.

அப்பா ராமலிங்கம் போன பிறகு கிணறும் அதை ஒட்டிய தென்னந்தோப்பும் யாருக்கு என்று ஆரம்பித்த சண்டை, இன்னும் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. உன் வீட்டுத் தண்ணிகூட என் தொண்டையில இறங்காது என்று ஊரார் முன்னால் சொல்லிவிட்டு வந்தவன் வசந்த். அதற்கப்புறம்தான் உடம்பு படுத்தியது. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலையை விட்டான். டயாலிசிஸுக்காக வேலூருக்கும் வீட்டுக்குமாக அலைகிறான். அப்போதெல்லாம் எட்டிப் பார்க்காத அண்ணன் இப்போது சட்டை அனுப்புகிறான்.

"கேஸுக்குத்தான் இதெல்லாம். நாங்க பாகம் பிரியாம ஒத்துமையா இருக்கோம்னு ஜட்ஜுக்குக் காட்டணும். நாளைக்கு நான் போய்ட்டா, தோப்பு தன்னால அவன் கைக்கு வந்துடும்."

"ஏங்க இப்பிடிப் பேசறீங்க? அத்தைக்கு ஆசையாம். ரெண்டு புள்ளைங்களையும் சேத்து வெச்சுப் பாக்கணும்னு."

"எங்கம்மாவுக்கா? ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்கவே நாலு தடவ கூப்பிடணும்."

சோபனா தேய்த்த புடவையை மடித்தாள். கத்திரிப்பூ நிறம். "பாரதி அக்காவும் இதே கலருதான் கட்டுறாங்க," என்றாள்.

"அண்ணிகிட்ட நீ எப்போ பேசின?"

"அத்தை சொன்னாங்க."

பதில் கொஞ்சம் வேகமாக வந்த மாதிரி இருந்தது. சில நாட்களாகவே போன் வந்தால் அவள் மொட்டை மாடிக்குப் போகிறாள். யார் என்று கேட்டால் அம்மா என்கிறாள்.

வேறு சட்டை எடுக்க பீரோவைத் திறந்தான். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவர் அங்கே இல்லை.

"கவர் எங்க?"

"ஜெராக்ஸ் எடுக்க வெளிய வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரில கேட்டாங்க."

"எதுக்கு?"

"கேட்டாங்க, குடுக்கணும். சும்மா பேஜார் பண்ணாதீங்க."

அண்ணன் ஏமாற்றுவது புதிதில்லை. இவளையும் வளைத்துவிட்டானா? எந்தப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருப்பான்?

கறுப்புக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையை உருவினான். "நான் இதைத்தான் போடுவேன்."

"அது வேணாங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி தெரிஞ்சாதான்..." சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"தெரிஞ்சாதான்? இன்னா?"

"பாக்க நல்லா இருக்கும்."

போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வெறி. கட்டம் போட்ட சட்டையோடு ஆட்டோவில் ஏறினான்.

ஸ்டுடியோவில் அம்மா கண்ணம்மாள் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வசந்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாரதி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நீலச் சட்டையில் நவநீதன் ஒரு ஓரமாக நின்றான். எப்போதும் பத்தடி தூரத்துக்கு அவன்மேல் பீடி நாறும். இன்று வாசனையே இல்லை. நல்லவன் வேஷம் முழுசாகத்தான் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான் வசந்த்.

ஸ்டுடியோக்காரர் முனீர் அகமது லைட்டைத் திருப்பினார். "தம்பி, அண்ணன ஒட்டி நில்லுங்க. ரெண்டு மூஞ்சியும் பளிச்சுனு தெரியணும்னு அண்ணன் ஒரு வாரமா சொல்லிட்டிருக்காரு."

"எதுக்காம்?" வசந்த் விலகி நின்றான். "பாய், கொஞ்சம் நிறுத்துங்க. இந்த போட்டோவ எந்தக் கோர்ட்டுல காட்டப் போறாருன்னு மொதல்ல சொல்லட்டும். என் பொண்டாட்டிகிட்ட எதுல கையெழுத்து வாங்கினாருன்னும் சொல்லட்டும்."

நவநீதன் சோபனாவைப் பார்த்தான்.

"சொல்லாதீங்க மாமா," என்றாள் அவள், அழுகையை அடக்கிக்கொண்டு. "ரோஷத்துல வேணாம்னுடுவாரு."

"பாத்தீங்களா பாய்? எல்லாரும் கூட்டு," என்றான் வசந்த்.

நவநீதன் தம்பியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"கேஸ நீ நடத்து. நானும் விட மாட்டேன். அது வேற. இது கோர்ட்டுக்கு இல்லடா, வேலூர் ஆஸ்பத்திரிக்கு. நீயும் நானும் சேந்து நிக்கிற போட்டோ ஒண்ணாவது கொண்டாங்கன்னு கமிட்டில கேட்டாங்க. நம்மகிட்ட ஏது?"

"என் ஆஸ்பத்திரில உன் போட்டோ எதுக்கு?"

"காசுக்கு விக்கிறவன் இல்ல, கூடப் பொறந்தவன்தான்னு அவங்க நம்பினாதான் என் கிட்னிய எடுத்து உனக்கு வெப்பாங்களாம்."