பாயளவுக் கீரை

மண்வெட்டி ‘ணங்’ என்றது.

அவள் அதை இழுக்கவில்லை. இழுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

கல் என்றால் வழுக்கும். இது வழுக்கவில்லை. இரும்பில் இரும்பு பட்ட சத்தம்.

சண்டை நடந்த வளவு. மாதர் சங்கத்துக்குக் கொடுத்து, ஆளுக்கொரு துண்டாகப் பிரித்திருந்தார்கள். கண்ணிவெடி எடுக்க வந்தவர்கள் தேடி முடித்துவிட்டு, தோட்டம் செய்யலாம், ஒரு சாணுக்குக் கீழே மட்டும் தோண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

ஒரு சாணில் கீரை வரும். கரட் கிழங்கு வருமா?

போன போகம் அவளுடைய கரட் எல்லாம் இறுகிய அடிமண்ணில் முட்டி, கால் பிரிந்து, கோணல்மாணலாக வந்தது. சந்தையில் ஒருத்தி அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது. அதனால்தான் இந்த முறை இரண்டு சாண் வெட்டி, பூவரசங்குழை புதைக்க நினைத்தாள். இலையெல்லாம் உள்ளே கிடந்து உக்கினால் மண் மாவாகிவிடும்.

ஆசை கண்ணை மறைத்துவிட்டது.



வரம்பில் தவமலர் அக்கா வந்துகொண்டிருந்தாள். பக்கத்துத் துண்டுக்காரி. தலையில் இவளுக்காக வெட்டிய குழைக்கட்டு. வந்ததும் அதைத் தொப்பென்று போடுவாள். அதுதான் அவள் பழக்கம்.

“அங்கையே நில்லுங்கோ அக்கா!”

குரல் கிறீச்சிட்டது. அக்கா நின்றாள்.

அவள் மண்வெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. முழங்காலிட்டு, விரல் நுனியால் மண்ணை ஒதுக்கினாள். பச்சை நிறத்தில் ஒரு வட்ட விளிம்பு. அதற்கு மேல் ஒதுக்கத் துணிவு வரவில்லை.

தகரப் பேணி மூடியாக இருக்கலாம். ஊரைவிட்டு ஓடும்போது யாரோ நகையைப் போட்டுப் புதைத்த பேணி.

இல்லாமலும் இருக்கலாம்.

சிவப்புத் தடி நட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. சொன்னால் வளவு முழுக்க நாடா கட்டி எல்லோரையும் வெளியேற்றுவார்கள். அடுத்த ஊரில் ஒருத்தி இப்படிக் கண்டு போய்ச் சொன்னாள். அங்கே நாடா இன்னும் காற்றில் ஆடுகிறது. பற்றை மண்டி ஆளுயரம். அவளோடு ஊரில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்தத் துண்டும் போனால் வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை.

பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மண்ணைக் கையால் அள்ளித் தூவினாள். ஒரு பிடி. பிறகு இன்னொரு பிடி. நித்திரையான குழந்தைக்குப் போர்த்துவதுபோல மூடினாள்.

எழுந்து வரம்புக்கு வந்தாள்.

“கீரை விதை இருக்கே அக்கா?”

தவமலர் அக்காவின் துண்டுக்கு நடுவே, பாயளவு இடத்தில் கீரைதான் நிற்கிறது. நல்ல கரட் மண். கீரை வித்து மாடி வீடு கட்டப் போறியளோ என்று இவள் எத்தனை தரம் கேலி செய்திருப்பாள்.

அக்கா குழைக்கட்டைச் சத்தமே வராமல் இறக்கி வைத்தாள். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த விதையை அவிழ்த்துக் கொடுத்தாள். எதற்கென்று கேட்கவில்லை.

“தண்ணியை மெல்லமாத் தெளி பிள்ளை. வாளியோடை ஊத்திப்போடாதை.”

அவள் நிமிர்ந்தாள்.

அக்காவின் துண்டில் கீரை. அதற்கு அடுத்த துண்டிலும். அதற்கும் அப்பால், வேலி வரைக்கும், ஒவ்வொருத்தியின் கரட்டுக்கு நடுவிலும் பாயளவு கீரை.

ஒருத்தியும் அதை வேரோடு பிடுங்கி அவள் கண்டதில்லை. எல்லோரும் ஓரத்தில் குந்தியிருந்து, கையை நீட்டி, கிள்ளத்தான் செய்வார்கள்.