பைக்குள் ஒரு கை

லேசர் எந்திரத்தின் பின்கதவைத் திறந்து வைத்து வசீம் குனிந்திருந்தான். வலது கையில் ஒரு கம்பி. இடது கை பேண்ட் பைக்குள்.

தாளாளர் டாக்டர் பால்சாமிக்கு அந்த இடது கைதான் கண்ணை உறுத்தியது.

அவருடைய பாலிடெக்னிக்கில் முதல்வரே கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். தபாலில் 'டாக்டர்' பட்டம் வந்த நாளிலிருந்து கொஞ்சம் குனிந்தும் நிற்கிறார். கீழக்கரை மெக்கானிக்குக் கை பைக்குள்!

சாயங்காலம் விழா. ஊர்மக்கள் சார்பில் பால்சாமிக்குக் கேடயம். வாசகம் அவரே எழுதிக் கொடுத்தது.

'மனிதநேயச் செம்மல்' என்று லேசர் பொறித்துக்கொண்டிருந்தபோது உள்ளே சடசடவென்று தீப்பொறி பறந்தது. எழுத்துகளுக்குத் தலை பதிந்திருந்தது, உடம்பு பதியவில்லை.

உப்புக்காற்று இருபதாயிரம் வோல்ட் இணைப்பை அரித்துத் தின்றிருந்தது. வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்றான் வசீம். பிளக்கைப் பிடுங்கினான். கையைப் பைக்குள் விட்டான்.

பால்சாமி சுவரைப் பார்த்தார். அக்ரிலிக் பலகையில் அவர் பெயர், வாசலிலிருந்தே படிக்கிற அளவுக்கு. இதே எந்திரம் பொறித்தது. கீழே ஏதோ பொடி எழுத்து. அந்தப் பெயரைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் ஒரு தெம்பு வரும்.

"ஏலே, யாரு முன்னால நிக்கிறோம்னு தெரியுதா? மொதல்ல கைய வெளிய எடுலே!"

ஆய்வக உதவியாளர் மகேஸ்வரி "சார்..." என்று வாயெடுத்தாள். ஒரு முறைப்பில் அடக்கினார்.

வசீம் திடுக்கிட்டுத் திரும்பினான். வெளியே வந்த கைக்குப் போக்கிடம் இல்லை. இரும்புச் சட்டத்தைப் பிடித்தது. வலது கை வழுக்கி அரித்த இணைப்பின் முனையில் பட்டது.

டப்.

மூன்றடி தள்ளி விழுந்து கிடந்தான்.

மகேஸ்வரி ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். முகத்தில் ரத்தம் திரும்பக் கொஞ்ச நேரமாயிற்று. விரல்நுனி கருகியிருந்தது.

எழுந்தவன் இடது கையைப் பைக்குள் விட்டான். வலது கையால் கம்பியை முனையில் வைத்து, மிச்ச மின்சாரத்தைத் தரையில் இறக்கினான்.

அதற்குப் பிறகுதான் இரண்டு கைகளும் வேலைக்கு வந்தன. அரித்த முனையை நறுக்கினான். புதுக் கம்பியை நெருக்கிச் சுற்றினான். சிலிக்கான் குழாயைச் செருகிப் பசையை நிரப்பினான்.

அவன் ஏசுவான் என்று பால்சாமி காத்திருந்தார். ஏசியிருந்தால் தேவலை.

"பசை காயட்டும் சார். சாயங்காலத்துக்குள்ள பட்டத்த முழுசா ஓட்டிருவோம்."

மகேஸ்வரி அவரைப் பார்க்கவே இல்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பால்சாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். தம் பெயருக்குக் கீழே இருந்ததை முதன்முதலாகப் படித்தார்.

'விதி 4: தேங்கிய மின்சாரத்தை இறக்கும்வரை, பழுது பார்ப்பவரின் ஒரு கை பைக்குள்ளேயே இருக்க வேண்டும். இரு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியே பாயும். மீறச் சொல்பவர் எவராயினும் நடவடிக்கை எடுக்கப்படும். உத்தரவு: தாளாளர்.'

தம் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வதென்று பால்சாமிக்குத் தெரியவில்லை.